காய் விட்ட மூலை

“இவ கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சேன்னா, அன்னைக்கு நான் செத்துட்டேன்னு வெச்சுக்க!”

“இப்படித்தானே சொன்னீங்க? இதே வாயால, இதே வீட்டுல, ஃபாதரை முன்னாடி உட்கார வெச்சுக்கிட்டு, சாப்பிட வந்த அத்தனை ஜனமும் பாக்கச் சொன்னீங்களா இல்லையா?” என்று ஜெசிந்தா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைக் கதவுக்கும் அம்மிக்கும் நடுவில் இருந்த மூலையைப் பார்த்துக் கேட்டாள். மூலையில் ஆள் யாரும் இல்லை. ஒரு பழைய மணையும், அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர் கேனும் மட்டும் இருந்தன. கேன் வாயை அடைத்த கார்க்கிலிருந்து ஒரு குளுக்கோஸ் ட்யூப் வளைந்து இறங்கி, பக்கத்திலிருந்த ஜாம் பாட்டில் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்து, நினைத்து நினைத்து ஒரு குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்குப் பின்னால் அடுக்களை நெடுக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு எமரென்சி தோசை மாவுத் தூக்கோடு நின்றாள். கோயில் வாசலில் பூக்கட்டும் கோமளம் ஈரத் துணியில் சுற்றிய மல்லிகையோடு நின்றாள். போலீஸ்காரர் தங்கவேலு, உடுப்பு மாட்டிக்கொண்டு, தன் அம்மாவின் இன்சுலின் மருந்தை எவர்சில்வர் சம்படத்தில் வைத்து பூசையில் நற்கருணை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

“இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் போடுங்க ஜெசிந்தாக்கா” என்றாள் எமரென்சி. “நேத்து நீங்க கடனேன்னு திட்டிட்டுப் போயிட்டீங்க, மாவு லேசாப் புளிச்சிருச்சு.”

ஜெசிந்தாவின் புருஷன் இன்னாசி குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் கேனைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். “சூடு ஏறுது ஜெசி. கொஞ்சம் அழுத்திச் சொல்லு.”

ஜெசிந்தா அழுத்திச் சொன்னாள். அந்த வாக்கியத்தை மறுபடியும் எடுத்து, ‘வெச்சுக்க’ என்பதில் சலேத்மேரி கொடுத்த அந்த இழுப்பைக்கூட விடாமல், சலேத்மேரியின் குரலிலேயே சொல்லி, அதற்குத் தன் குரலில் பதிலும் கொடுத்தாள். மூலையிலிருந்து குளிர் கிளம்பியது. முதலில் கணுக்காலைத் தொட்டது. பிறகு முழங்கால் வரை ஏறி நின்றது. பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த சகாயமாதா தெருவில், கத்திரி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் காலை நேரத்தில், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்து விட்டு, “அப்பாடா, சலேத்தம்மா இருக்காங்க” என்று சொல்லித் தங்கள் சாமான்களைக் கேனைச் சுற்றி இறக்கி வைத்தார்கள்.

சலேத்மேரி செத்துப்போனது பொங்கலுக்கு முந்தின வாரம். அவள் இன்னாசியின் அக்கா, கல்யாணம் கட்டாதவள். தம்பி வீட்டிலேயே இருந்து, தம்பி வீட்டிலேயே பழுத்து, தம்பி பெண்டாட்டியோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமலே இருந்து முடித்தவள். அந்தப் பேச்சு எதனால் நின்றது என்று கேட்டால் தெருவில் எந்தக் குழந்தையும் சொல்லும்: நன்னாரி சர்பத்தால் நின்றது. மாதா கெபித் திருவிழா அன்று வீட்டுக்கு வந்த விருந்துக்கு சலேத்மேரி ஒரு அண்டா நிறைய சர்பத் கலக்கி வைத்திருந்தாள். எதிலும் பொறுமை கிடையாத ஜெசிந்தா ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, “இதுல ஈ விழுந்தாக்கூட மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் பறந்துரும்” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, அண்டாவை அப்படியே சாக்கடையில் சாய்த்துவிட்டு, வேறு கலக்கினாள். சலேத்மேரி ஒன்றும் கத்தவில்லை. ஜெசிந்தா வேறு கலக்கியதை ஒரு டம்ளரில் நீட்டியபோதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தலை நரைத்த அந்தப் பொம்பளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வலது கைச் சுண்டுவிரலைக் கொக்கியாக வளைத்து ஜெசிந்தாவின் மூக்குக்கு நேரே காட்டினாள். காய் விட்டாள். விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள், ஃபாதர் கஸ்பார்கூடச் சிரித்தார். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் விட்டால் முடிகிற காரியம், சாயந்திரத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. சலேத்மேரி அன்றே தன் மணையை எடுத்து அம்மிப் பக்கத்து மூலையில் போட்டு, சுவரைப் பார்த்து, அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே கீரை ஆய்ந்தாள், அங்கேயே ஜெபமாலை உருட்டினாள். ஜெசிந்தா ஏதாவது சொன்னால், தொண்டைக்குள்ளிருந்து “ம்க்கும்” என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதைத் தம்பிக்குச் சொல்வாள்; தம்பி இல்லாத நேரத்தில் பூனைக்குச் சொல்வாள். “ஏ பூனை, கான்வென்ட்ல படிச்சவங்களுக்கு அரிசி களையத் தெரியலேன்னா போய்ச் சொல்லு.” ஜெசிந்தாவும் லேசுப்பட்டவள் அல்ல. “ஏ பூனை, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க அரிசிய ஒரு தடவைதான் களைவாங்கன்னு போய்ச் சொல்லு” என்பாள். அந்தப் பூனை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து உழன்று ஒருநாள் வீட்டை விட்டே போய்விட்டது.

கடைசி நாளில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சலேத்மேரியின் உதட்டருகே ஜெசிந்தா ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கொண்டுபோனாள். உதடு பூட்டிக்கொண்டது. எமரென்சி அதே தண்ணீரை, அதே ஸ்பூனில் கொடுத்தாள். உதடு திறந்தது. அதைப் பார்த்தவர்கள் இருவர்தான், அவர்களும் வெளியே சொல்லவில்லை; ஆனால் அடக்கத்துக்கு வந்த தெரு முழுக்க அதைத் தெரிந்துகொண்டு வந்திருந்தது.

இன்னாசியின் பீர் இதற்கெல்லாம் நடுவில் ஆரம்பித்தது. பட்டறையிலிருந்து ரிட்டயர் ஆன மறு மாதமே அவருக்குக் கை நமநமக்க, செல்போனில் எவனோ வெள்ளைக்காரன் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, பார்லியை ஈரத்துணியில் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுத்து, உடைத்து, கொதிக்கவைத்து, பேக்கரியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கிப் போட்டு மூடினார். சட்டம் என்ன சொல்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் அதை பீர் என்று சொல்லவில்லை; அதற்குப் பேர் பார்லித் தண்ணி, டாக்டரே குடிக்கச் சொல்வது. கசப்புக்குப் போடுகிற பூ நம் ஊரில் கிடைக்காது என்று அவர் தவித்தபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சலேத்மேரி, கொல்லையில் உதிர்ந்த வேப்பம்பூவை முறத்தில் வாரிப் பின்பக்கமாகத் தள்ளினாள். அன்றிலிருந்து ருசி பார்ப்பது அவள் வேலை. அகப்பையின் நுனியை நாக்கில் வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். ஒன்று ‘பத்தல’, இல்லாவிட்டால் ‘போதும்’. அவள் போதும் என்று சொன்ன பிறகு ஒரு பூ கூடப் போட இன்னாசிக்குத் தைரியம் கிடையாது.

கசப்பு சரியாயிற்று, சூடுதான் சரியாகவில்லை. ஈஸ்ட் என்பது ஒரு உயிர், அதற்கு வேர்த்துவிட்டால் வேலையைக் கெடுத்துவிடும் என்றார் இன்னாசி. திருச்சி வெயிலில் கேனுக்குள் கிடந்து அதற்கு வேர்க்காமல் என்ன செய்யும்? மூடியைத் திறந்தால் அழுகின வாழைப்பழ வாசனை வீடெல்லாம் அடிக்கும். குடித்தவனுக்கு மறுநாள் மண்டைக்குள் ஆணி இறங்கும். கேனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்றி, டேபிள் ஃபேனை வைத்துப் பார்த்தார். ஈரக் கோணி சுற்றினார். ஆற்று மணலைக் கொட்டி அதில் புதைத்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை உறையவைத்து மாற்றி மாற்றி வைத்ததில் ஃப்ரிட்ஜ் ஒருநாள் பெருமூச்சு விட்டுப் படுத்தது. “நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தப்போகூட எனக்கு இந்த மனுஷன் இப்படி விசிறல” என்று ஜெசிந்தா தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். ஏ.சி. வாங்குகிற வசதியும் இல்லை, வாங்கினால் கரண்ட் இருக்கும் என்கிற நிச்சயமும் இல்லை.

மார்கழியில் செத்தவளின் குளிர் மார்கழிக்குள் யாருக்குத் தெரியும்? பங்குனி பிறந்து, சுவரெல்லாம் சுட ஆரம்பித்த பிறகுதான், அந்த மூலையில் வைத்த கேனில் மட்டும் வாழைப்பழ வாசனை வரவில்லை என்று இன்னாசி கண்டுபிடித்தார். கையை நீட்டினார். கிணற்றுக்குள் நீட்டியது போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் முத்து முத்தாகப் பனி பூத்திருந்தது. மேலே குறுகி, தோளில் அகன்று, கீழே மணையளவுக்குப் பரந்து, குனிந்து கீரை ஆய்கிற ஒரு பொம்பளையின் முதுகாக அது இருந்தது. “அக்கா” என்றார். பிறகு கேனைக் கொஞ்சம் நகர்த்தி, முதுகில் இடிக்காமல் வைத்துவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டார்.

தெருவுக்குத் தெரிய ஒரு நாள் ஆயிற்று. பயப்பட இன்னொரு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் எமரென்சி மாவோடு வந்துவிட்டாள். தெருவில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு பாதி, இருந்தும் கரண்ட் இல்லாமல் அதில் துணி மடித்து வைத்திருந்த வீடு மீதி. மீன் வந்தது, பால் வந்தது, மல்லிகை வந்தது, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து வந்தது. எல்லாம் இருந்தபடி இருந்தது. பழங்கள் மட்டும் ஒரு வேலை காட்டின. பழுக்கட்டும் என்று வைத்த பூவன் தார் பச்சையாகவே இருந்தது. மாங்காய் மாங்காயாகவே இருந்தது. பப்பாளியை வைத்தவள் அடுத்த மாதம் வந்து அதைக் கூட்டுக்கு நறுக்கினாள். அந்த மூலையில் எதுவும் பழமாகாது, எல்லாம் காய்தான் என்று ஆனபோது, அது எதன் குளிர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சண்டை இருந்தால்தான் குளிர் என்பதும் தானாகவே தெரிந்தது. ஜெசிந்தா கோபமாக இருந்த நாளில் மல்லிகை மொட்டு விரியாமல் இருந்தது. அவள் சளி பிடித்துப் படுத்த நாளில் மீன் கெட்டது. வேறு ஆள் திட்டிப் பார்த்தார்கள். எமரென்சி திட்டினாள், கோமளம் கெட்ட வார்த்தைகூடச் சேர்த்துத் திட்டினாள், சுவர் அசையவில்லை. மாமியாரோடு பேச்சு இல்லாத மருமகள்கள் நாலைந்து பேர் தூரத்துத் தெருக்களிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “எங்க வீட்டுலயும்தான் ஏழு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கு, ஒரு சொம்புத் தண்ணி சில்லுனு ஆகல” என்று புலம்பிக்கொண்டு போனார்கள். ஆக, தினமும் காலையில் ஜெசிந்தா ஒரு பாட்டம் சண்டை போட வேண்டியது என்று ஏற்பாடாயிற்று. சண்டை நடக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கக் கூடாது. சலேத்தம்மாவைப் பற்றி நல்லதாக எதுவும் பேசக் கூடாது. சுருதி இறங்கினால் எமரென்சி சர்பத்தை ஞாபகப்படுத்துவாள்.

ஃபாதர் கஸ்பார் ஒருநாள் மந்திரிக்க வந்தார். வந்தவருக்கு மூலைப் பக்கமாக நாற்காலி போட்டார்கள். அங்கிக்குள் குளிர் புகுந்ததும் அவர் கண் தானாகச் சொக்கியது. ஒரு டம்ளர் பார்லித் தண்ணியும் உள்ளே போன பிறகு தொண்டையைச் செருமி, “அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை வெச்சுரலாம்மா. நித்திய இளைப்பாற்றியை அவங்களுக்குத் தந்தருளும்னு மன்றாடுவோம்” என்றார்.

“அவங்க இளைப்பாறிட்டா நாங்க எங்க ஃபாதர் போயி இளைப்பாறறது?” என்று கேட்டார் போலீஸ்காரர் தங்கவேலு. அவர் சாமி கும்பிடுகிற கோயில் வேறு, ஆனாலும் அந்தக் கேள்வியைத் தெரு முழுக்க ஆமோதித்தது. “பூசை வைங்க ஃபாதர், வேண்டாங்கல. ரொம்ப உருக்கமா வெச்சுராதீங்க” என்றாள் எமரென்சி. ஃபாதர் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, மழைக்காலம் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

யாரும் கேட்காத விஷயம் ஒன்று இருந்தது. ஜெசிந்தாவிடம் சண்டை தீர்ந்துகொண்டு வந்தது.

பன்னிரண்டு வருஷத்துக் கோபத்தையும் தினம் ஒரு படியாக அளந்து கொடுத்ததில், சித்திரை முடிவதற்குள் பானையின் அடி தெரிந்துவிட்டது. சர்பத்தைச் சொல்லியாயிற்று, அரிசி களைந்ததைச் சொல்லியாயிற்று, மகள் கல்யாணத்தில் சபை நடுவே முதுகைத் திருப்பி உட்கார்ந்ததைச் சொல்லியாயிற்று. இனி சொல்ல என்ன இருக்கிறது என்று துழாவும்போது கைக்கு வேறு என்னென்னவோ வந்தது. மகள் பிறந்தபோது நாற்பது நாளும் வெந்நீர் வைத்து ஊற்றியவள் சலேத்மேரி. ஜெசிந்தா டைஃபாய்டில் கிடந்தபோது, பேச்சு இல்லாத காலத்திலும், கஞ்சியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, “ஏ பூனை, சூடு ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லு” என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான். இதையெல்லாம் வரிசை முன்னால் சொல்ல முடியாது, மாவு புளித்துவிடும். சொல்லாமல் முழுங்கினாள்.

மத்தியானத்தில் எல்லோரும் போன பிறகு, இன்னாசியும் முன்வாசலில் குறட்டை விட்ட பிறகு, ஜெசிந்தா போய் அந்த மணையில் உட்காருவாள். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவாள். ரவிக்கையை நனைத்துக்கொண்டு குளிர் தோள்பட்டையிலிருந்து இறங்கும், முதுகோடு முதுகு. கான்வென்டில் மதர் சுப்பீரியர் சொல்லிக் கொடுத்ததில் இது எந்தப் பாவத்தில் சேர்த்தி என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஜாம் பாட்டிலுக்குள் குமிழி உடையும். ம்க்கும் என்று கேட்கும். “திரும்புங்களேன் அண்ணி” என்பாள் ஜெசிந்தா, சத்தம் வராமல். “ஒரு தடவை. திரும்பி ஒரு வார்த்தை. பூனையில்லாம, தம்பியில்லாம, என்கிட்ட. அப்புறம் எத்தனை வருஷம் வேணும்னாலும் சுவத்தைப் பாருங்க.” முதுகு முதுகாகவே இருக்கும். குளிரும் இருக்கும். எழுந்திருக்கும்போது அவளுக்கு மனசு ஆறுதலாக இருக்கும், கூடவே எரிச்சலாகவும் இருக்கும், அந்த எரிச்சலை அப்படியே பொத்தி வைத்து மறுநாள் காலைக்குத் திட்டுவதற்கு எடுத்துக்கொள்வாள்.

கத்திரி உச்சிக்கு வந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அந்த வட்டாரம் முழுக்கக் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்றார்கள். ஃப்ரிட்ஜ் வைத்திருந்த வீட்டுக்காரர்களும் இப்போது தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். அடுக்களையில் இடம் இல்லாமல் வரிசை தெருவுக்குப் போயிற்று. “ஜெசிந்தாம்மா, மத்ததெல்லாம் கெட்டா கெட்டுப் போகுது. இந்த மருந்து கெட்டா அம்மா கெட்டுரும்” என்றார் தங்கவேலு. அன்று ஜெசிந்தா தன் குரல் உடையும் மட்டும் திட்டினாள்.

அன்று சாயந்திரம் இன்னாசி அடுத்த தவணைக்குப் பார்லிச் சாற்றைக் கொதிக்கவைத்தார். தவலையை இறக்கும்போது, பழைய பட்டறைக்காரர் என்கிற மிதப்பில் துணி ஒரு பக்கம் இருக்க இவர் ஒரு பக்கம் பிடிக்க, தவலை சாய்ந்தது. ஜெசிந்தா வலது கையைக் கொடுத்துத் தாங்கினாள். தவலை தப்பியது, கை தப்பவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் வெந்து போயின. எமரென்சி ஓடி வந்து மருந்து தடவி, அந்த இரண்டு விரலையும் உள்ளங்கையோடு மடக்கி, கட்டைவிரலையும் அதன் மேல் அமுக்கி, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். “ரெண்டு நாளைக்கு அவுக்காதீங்க” என்றாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

விடிந்தது. வரிசை நின்றது. ஜெசிந்தா முந்தானையைச் செருகினாள், இடது கையால் செருகினாள். எமரென்சி, “சர்பத்து, சர்பத்து” என்று முணுமுணுத்தாள். ஜெசிந்தா அந்த வாக்கியத்தை எடுத்தாள். “இவ கையால ஒரு வாய் தண்ணி” வரை வந்தாள். வழக்கம்போல், சலேத்மேரி சுண்டுவிரலைக் கொக்கியாக்கிக் காட்டியதை நடித்துக் காட்ட வலது கையைத் தூக்கி மூலைக்கு நேரே நீட்டினாள்.

கட்டுக்குள்ளிருந்து வெளியே நின்றது இரண்டு விரல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், ஒட்டிக்கொண்டு, நேராக.

“ஐயையோ, பழம் விட்டுட்டாங்க!” என்று கோமளம் கத்தினாள்.

“கையைக் கீழ போடுங்கக்கா! மாத்துங்க! இடது கையால காய் விடுங்க!” என்று எமரென்சி அலறினாள்.

கையை இறக்கியிருக்கலாம். அது காயம்பட்ட கை, தெரியாமல் நீட்டியது, கணக்கில் சேராது என்று வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதற்கு நேரம் இருந்தது. வரிசை முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு நேரம் இருந்தது. தங்கவேலுவின் சம்படம் கண்ணில் பட்டது. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

சுவரில் பனி அசைந்தது. தோள் இரண்டாக இருந்தது ஒன்றாயிற்று. அகன்ற முதுகு ஒருக்களித்து, ஒடுங்கி, பக்கவாட்டில் ஒரு மூக்கின் மேடு, ஒரு நாடியின் வளைவு, கொண்டையின் உருண்டை என்று சுவரில் ஏறி வந்தது. திரும்புகிறாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. கன்னம் வந்தது. கண் வர வேண்டிய இடத்தில், ஒரு முத்து இன்னொரு முத்தோடு சேர்ந்து கனத்து, கோடாக இறங்கியது. பிறகு எல்லா முத்தும் இறங்கியது. சுவரெல்லாம் தண்ணீராக ஓடி, மணையை நனைத்து, கொல்லைக் கதவுக்கு அடியில் போய், வெளியே வெயிலில் மண்ணைத் தொட்டதும் காய்ந்துபோயிற்று.

ஜாம் பாட்டிலில் ஒரு குமிழி உடைந்தது. அதற்கப்புறம் உடையவில்லை.

மத்தியானத்துக்குள் பூவன் தார் மஞ்சளாயிற்று. மாங்காய் அத்தனையும் ஒரே சமயத்தில் பழுத்து, வாசனை தெருமுனை வரை போயிற்று. மல்லிகை கூடைக்குள்ளேயே மலர்ந்து கொட்டியது. ஆட்கள் வந்து தங்கள் தங்கள் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், போகும்போது ஒருத்தரும் ஜெசிந்தா முகத்தைப் பார்க்கவில்லை. இன்சுலினுக்கு மட்டும் இன்னாசி ஓடினார். தன் பழைய வித்தை ஒன்றை எடுத்து, பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஆற்று மணலைக் கொட்டி, மணலை நனைத்து, மேலே ஈரக் கோணியைப் போட்டு, சம்படத்தை உள்ளே இறக்கினார். பார்லிக்கு உதவாத மணல் மருந்துக்கு உதவியது. மருந்து கெடவில்லை, கிழவியும் கெடவில்லை. இரண்டு நாளில் சகாயமாதா தெருவில் வீட்டுக்கு ஒரு மணல் பானை வந்துவிட்டது; சலேத்தம்மாவின் குளிர் மாதிரி வருமா என்று பேசிக்கொண்டே எல்லோரும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஜெசிந்தாவோடு மட்டும் பேசவில்லை. எமரென்சி சுவரேறி எட்டிப் பார்ப்பது நின்றது. கோமளம் பூ கொடுக்காமல் தாண்டிப் போனாள். தெருவே சேர்ந்து காய் விட்டது. அதிலிருந்து ஒரு சொட்டுக் குளிர் வரவில்லை.

“கேன்ல என்ன ஆச்சோ” என்று பயந்துகொண்டே இன்னாசி முகர்ந்து பார்த்தார். “தப்பிச்சுது ஜெசி. பொங்கி முடிக்கிற வரைக்கும் அக்கா இருந்திருக்கு. கடைசில கொஞ்சம் சூடு பட்டா அது தாங்கிக்கும்.” பாட்டிலில் ஊற்றி, மூடி, கோணியில் சுற்றி வைத்தார். கட்டு அவிழ்ந்து, விரலில் புதுத்தோல் வந்து, வெயில் கொஞ்சம் தணிந்த ஒரு சாயந்திரம், முதல் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னொரு வாயும் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். “சரியா இருக்கான்னுதான் தெரியல.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஜெசிந்தா பரணிலிருந்து அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். விளிம்புக்குக் கீழே ‘சலேத்மேரி’ என்று பேர் வெட்டியிருந்தது. இந்த வீட்டில் வேறு யாரும் அதில் குடித்ததில்லை. கழுவினாள். பாட்டிலில் மீதியிருந்ததை நுரை தளும்ப ஊற்றினாள். மூலைக்குப் போய், மணையில் உட்காராமல், அதற்கு எதிரே சம்மணம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவர் காய்ந்து கிடந்தது. கைவைத்துப் பார்த்தாள், மற்றச் சுவர்களைப் போலவே சுட்டது. முதுகு இருந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல் ஒரு வெளுப்பு, அதுவும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியாத வெளுப்பு.

டம்ளரை மணையின் மேல் வைத்தாள்.

“இப்பத்தான் செத்தாச்சே அண்ணி” என்றாள். “இனிமே என் கையால வாங்கிக் குடிச்சா சொன்ன சொல்லு தவறினதா ஆகாது.”

நுரை ஒவ்வொரு குமிழியாக அடங்கியது. தெருவில் யாரோ மணல் பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“பூனையும் இல்ல, உங்க தம்பியும் இல்ல. நான்தான் கேக்கறேன். ஒரு வாய். குடிச்சுட்டு, கசப்பு போதுமா, பத்தலையான்னு மட்டும் சொல்லிருங்க.”